விலகியவர் யார்?

காலையில் மலையை மூடியிருந்த பனி, வெயில் ஏறியதும் விலகுகிறது. நாடகம் தொடங்கும்போது திரை விலகுகிறது. பந்து விளையாட்டில் தவறி விழுந்தவனுக்குத் தோள்மூட்டு விலகுகிறது. அமைச்சர் ஒருவர் பதவி விலகுகிறார். பேருந்தின் வாசலை அடைத்து நிற்பவரிடம், "கொஞ்சம் விலகி நில்லுங்கள்" என்கிறோம். இத்தனை இடங்களில் புழங்கும் 'விலகு' என்ற வினைச்சொல்தான் மனித மனத்தைப் பற்றியும் பேசுகிறது. "முன்பெல்லாம் தினமும் பேசுவான், இப்போது விலகிவிட்டான்" என்று ஒருவர் தம் நண்பனைப் பற்றிச் சொன்னால், அந்த நண்பன் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டான் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. அவன் பக்கத்து மேசையிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

மேலே கண்ட எடுத்துக்காட்டுகளை மீண்டும் ஒருமுறை பார்க்கலாம். அவை எல்லாவற்றிலும் ஒன்று நகர்கிறது. மற்றொன்று இருந்த இடத்திலேயே இருக்கிறது. பனி நகர்கிறது, மலை நிற்கிறது. எலும்பு நழுவுகிறது, அது பொருந்தியிருந்த குழி அங்கேயே இருக்கிறது. அமைச்சர் போகிறார், பதவி காத்திருக்கிறது. மனத்தைப் பற்றிப் பேசும்போதும் இந்த அமைப்பு மாறுவதில்லை. 'விலகினான்' என்றவுடனே, 'யாரிடமிருந்து?' என்ற கேள்வி பின்னாலேயே வந்து நிற்கும். விலகியவர் ஒருவர், நின்றவர் இன்னொருவர்.

'பிரி' என்ற சொல்லுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. "பள்ளி முடிந்ததும் நாங்கள் பிரிந்தோம்" என்று இயல்பாகச் சொல்லலாம். அதில் யார் முதலில் நடந்தார் என்பது முக்கியமில்லை. இருவரும் சேர்ந்தே பிரிகிறார்கள். "நாங்கள் விலகினோம்" என்று சொல்லிப் பார்த்தால் வாக்கியம் ஏனோ முழுமை பெறுவதில்லை. எதிலிருந்து விலகினார்கள், கட்சியிலிருந்தா, போட்டியிலிருந்தா என்று கேட்கத் தோன்றும். சொல்லவே கூடாது என்பதில்லை. 'ஒருவரைவிட்டு ஒருவர் விலகினோம்' என்று முட்டுக்கொடுத்தால் வாக்கியம் நிற்கும். ஆனால், அன்றாடப் பேச்சில் அப்படிச் சொல்பவர்கள் அரிது. அவன் விலகினான், அவள் விலகினாள், அவர்கள் விலகினார்கள் என்பவையே காதில் விழுகின்றன. விலகுவது பெரும்பாலும் எதிரில் இருப்பவர்தான்.

தமிழ் இலக்கணம் இதில் இன்னொரு நுட்பத்தையும் வைத்திருக்கிறது. 'விலகு' என்பது தன்வினை. அதில் ஓர் எழுத்தைக் கூட்டினால் 'விலக்கு' என்ற பிறவினை கிடைக்கிறது. ஒதுங்கினான், ஒதுக்கினான், நீங்கினான், நீக்கினான் என்பனவும் இதே வகை இணைகள். ஒரு மாணவன் இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் ஒதுங்கினானா, ஒதுக்கப்பட்டானா? பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதே நாற்காலி, அதே தலைகுனிவு, அதே உணவு டப்பா. சொல்லும்போது மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். 'அவன் ஒதுங்கியே இருப்பான்' என்று சொல்லிவிட்டால், அவனைச் சேர்த்துக்கொள்ளாத பத்துப் பேர் அந்த வாக்கியத்திலிருந்து காணாமற்போகிறார்கள். ஆசிரியர்களும் பெற்றோர்களும்கூட இந்த இடத்தில் அவசரப்படுவதுண்டு.

மனம் விலகுவதற்கும் தொலைவுக்கும் தொடர்பு உண்டா? மலேசியத் தமிழர்களின் வரலாறு அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1950களிலும் 1960களிலும் அன்றைய மலாயாவின் பெரிய ரப்பர்த் தோட்டங்கள் பல, துண்டுதுண்டாகப் பிரித்து விற்கப்பட்டன. தோட்டத் துண்டாடல் என்று அதைக் குறிப்பிடுவர். வேலையும் வீடும் ஒன்றாகப் போகும் நிலையில் தொழிலாளர்கள் தவித்தார்கள். அவர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதற்காகத்தான் 1960ஆம் ஆண்டு துன் வீ.தி.சம்பந்தனின் முயற்சியில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பிற்காலத்தில் நகரங்கள் விரிவடைந்தபோது மேலும் பல தோட்டங்கள் மறைந்தன. ஒரே லயத்தில், ஒரே குழாயடியில் வாழ்ந்த குடும்பங்கள் வெவ்வேறு தாமான்களுக்குச் சிதறின. அவர்களில் பலர் இன்றும் பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு எங்கிருந்தாலும் வந்து சேர்கிறார்கள். ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்து, பேரப்பிள்ளைகளை அறிமுகப்படுத்துகிறார்கள். சிதறியவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம், பிரிந்தவர்கள் என்றும் சொல்லலாம். விலகியவர்கள் என்று சொன்னால் பொருந்தாது.

பழந்தமிழர் அகவாழ்க்கையை ஐந்து திணைகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிப்பொருளைக் கொடுத்தார்கள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்பன அவை. பிரிதலுக்குப் பாலையைக் கொடுத்தவர்கள், ஊடலுக்கு மருதத்தைக் கொடுத்தார்கள். பிரிந்தவன் பொருளோடு திரும்பி வருவான் என்று காத்திருக்கலாம். ஊடியவளைச் சமாதானப்படுத்தலாம். சண்டையும் இல்லாமல் பயணமும் இல்லாமல் இரண்டு மனங்கள் மெல்ல மெல்லத் தூரமாவதற்கு அந்த ஐந்தில் தனி இடம் இல்லை.

ஊடலைத் திருக்குறள் மிக நுட்பமாகவே அளந்திருக்கிறது. 131ஆம் அதிகாரமான 'புலவி'யில் வள்ளுவர் அதை உணவிலிடும் உப்போடு ஒப்பிடுகிறார். அளவோடு இருந்தால் சுவை. சற்று நீட்டித்தாலும் உப்பு மிகுந்த உணவாகிவிடும். அதே அதிகாரத்தில் 'துனி' என்ற சொல்லும் வருகிறது. புலவி என்பது இளைய பிணக்கு, துனி என்பது முதிர்ந்த பிணக்கு என்று பரிமேலழகர் வேறுபடுத்துகிறார். கோபத்தின் பிஞ்சுக்கும் பழத்துக்கும் தனித்தனிப் பெயர்! ஆனால் புலவியானாலும் துனியானாலும் இருவரும் இன்னும் ஒருவரை ஒருவர் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கோபித்துக்கொள்பவருக்கு எதிரில் ஒருவர் தேவை. விலகலில் அந்த எதிரில் இருக்கும் முகமே மங்கிவிடுகிறது.

கிள்ளானில் வாழும் ஒரு குடும்பத்தைப் பற்றி இங்குச் சொல்ல வேண்டும். அக்குடும்பத்தின் மூத்த மகள் படிவம் நான்கில் படிக்கிறாள். அவளுடைய அம்மாவுக்கு ஒரே ஓர் அக்காள், ஈப்போவில் இருக்கிறார். சகோதரிகள் இருவரும் நகமும் சதையும் போல வளர்ந்தவர்கள். தாயார் இறந்த பிறகு, அக்காள் வீடுதான் தங்கைக்குத் தாய்வீடு. ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு மூன்று நாள் முன்பே தங்கை ஈப்போவுக்குப் போய்விடுவார். ஒருவர் மாவு பிசைய, மற்றவர் முறுக்குப் பிழிவார். எண்ணெய்ச் சட்டிக்கு எதிரில்தான் அவர்களுடைய ஓராண்டுக் கதைகள் எல்லாம் பேசித் தீரும்.

தங்கையின் கணவருக்குத் துறைமுகத்தில் மாறுநேர வேலை கிடைத்தது. அந்த ஆண்டு தீபாவளிக்கு விடுப்பு இல்லை. பண்டிகைக்கு மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்பினார்கள். அடுத்த ஆண்டு பலகாரத்தை உறவினர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார்கள். அதற்கடுத்த ஆண்டு தொலைபேசியில் பேசினார்கள். பிறகு, புலனத்தில் குத்துவிளக்குப் படம் போட்ட வாழ்த்து ஒன்று போனது. அங்கிருந்தும் ஒரு குத்துவிளக்கு வந்தது. இரண்டுமே யாரோ அனுப்பியதை அப்படியே திருப்பி அனுப்பியவை.

இந்த நிலையில்தான் அக்காள் மகனின் திருமணம் வந்தது. சொந்தத் தங்கைக்கு அழைப்பிதழைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து கொடுப்பது வழக்கம். அழைப்பிதழ் புலனத்தில் வந்தது. தங்கை அதைத் திறந்து பார்த்தார், பதில் எழுதவில்லை. திருமணத்துக்கும் போகவில்லை. மொய்ப்பணத்தை மட்டும் தம்பியிடம் கொடுத்து அனுப்பினார். அதன்பின் இரு வீட்டுக்கும் இடையே போக்குவரத்து இல்லை.

"பெரியம்மாவோடு ஏன் பேசுவதில்லை?" என்று மகள் கேட்டபோது, "உன் பெரியம்மாதான் விலகிவிட்டார்" என்று அம்மா சொன்னார். பள்ளி விடுமுறையில் அவள் மாமாவோடு ஈப்போவுக்குப் போய் இரண்டு நாள் தங்கினாள். அங்கே பெரியம்மா, அவள் கேட்காமலேயே, "உன் அம்மாதான் விலகிப்போய்விட்டாள்" என்றார். அக்காளைப் பற்றிச் சொல்லும்போது 'விட்டார்', தங்கையைப் பற்றிச் சொல்லும்போது 'விட்டாள்'. மரியாதை விகுதியில்தான் வேறுபாடு. வினைச்சொல் ஒன்றேதான்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. ஏன் என்று கேட்காமல், எப்போது என்று கேட்டாள். திருமணத்தின்போது என்றார் அம்மா. தீபாவளிக்குத் தங்கி முறுக்குப் பிழியாத அந்த ஆண்டு என்றார் பெரியம்மா. ஒவ்வொருவரும் மற்றவர் நகர்ந்த நாளை நினைவில் வைத்திருந்தார்கள். குத்துவிளக்குப் படங்கள் போய்வந்த ஆண்டுகளை இருவருமே குறிப்பிடவில்லை. அவற்றில் குறிப்பிடத் தகுந்த எதுவும் நடக்கவில்லை அல்லவா?

வீடு திரும்பியதும், பெரியம்மாவின் முழங்காலில் நீளமான தையல் தழும்பு இருப்பதை அவள் அம்மாவிடம் சொன்னாள். திருமணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பு அறுவைச் சிகிச்சை நடந்ததாம். அப்போது மாடிப்படி ஏறக்கூட முடியாதாம். அம்மா சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எந்தக் கால்?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவு ஈப்போவுக்குத் தொலைபேசி அழைப்பு போனது. "அக்கா, கால் எப்படி இருக்கிறது?" என்று பேச்சுத் தொடங்கியது. அது நீளவில்லை; அழைப்பிதழைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நடுவில், முறுக்கு மாவுக்கு உளுந்து எவ்வளவு சேர்ப்பது என்று தங்கை கேட்டார். இருபது ஆண்டுகளாக முறுக்குச் சுடுபவருக்கு அந்த அளவு தெரியாமல் இருக்காது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த மகளுக்கும் அது தெரியும். சகோதரிகள் பழையபடி ஆகிவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. மாதம் ஓரிரு முறை பேசுகிறார்கள்.

இவர்கள் இருவரில் விலகியவர் யார்? 'விலகு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதற்கு விடை காண முடியாது. ஆற்றில் கட்டவிழ்ந்த இரு படகுகளில் ஒவ்வொன்றிலும் இருப்பவருக்கு மற்றப் படகு நகர்வதாகவே தெரியும்.

மலாய்மொழியில் இதற்குப் பொருத்தமான சொல் ஒன்று உண்டு: 'ரெங்காங்'. பலகைகளுக்கு நடுவே தெரியும் சந்து, பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி ஆகியவற்றைச் சொல்லும் சொல் அது. உறவு தளர்ந்து தூரமாவதையும் அதே சொல்லால் குறிப்பிடுகிறார்கள். அங்கே எழுவாய் ஆளன்று, உறவு. இந்தப் பலகை நகர்ந்ததா, அந்தப் பலகை நகர்ந்ததா என்று சந்து சொல்வதில்லை. ஒருவேளை இரண்டும் வெயிலில் காய்ந்து சுருங்கியிருக்கலாம்.

தமிழிலும் இத்தகைய வழக்குகள் இல்லாமல் இல்லை. மேலே வந்த 'போக்குவரத்து இல்லை' என்பது அவற்றில் ஒன்று. பேச்சுவார்த்தை நின்றுபோனது, தொடர்பு விட்டுப்போனது, ஒட்டுறவு குறைந்தது, இடைவெளி விழுந்தது என்றெல்லாம் சொல்கிறோம். இவற்றின் எழுவாயாகப் பேச்சும் தொடர்பும் உறவும் வருகின்றன. குற்றவாளிக் கூண்டில் ஆள் யாரும் இல்லை. திருக்குறளின் 79ஆம் அதிகாரமான 'நட்பு'ம் ஓர் உவமை தருகிறது. அறிவுடையார் நட்பு வளர்பிறை போன்றது என்றும், பேதையர் நட்பு முழுநிலவு பின்னர்த் தேய்வது போன்றது என்றும் வள்ளுவர் கூறுகிறார். பேதைமை ஒருபுறம் இருக்கட்டும். தேய்தல் என்ற அந்தக் காட்சி கூர்மையானது. பௌர்ணமிக்கு மறுநாள் நிலவைப் பார்ப்பவர் அது குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டார்.

இதற்கு நேர்மாறான சொல் 'பாராமுகம்'. பாராத முகம் என்பது அதன் விரிவு. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. தேய்வதைப் போலப் பாராமுகம் தானாக நிகழாது. கண் இருந்தும், எதிரில் ஆள் இருந்தும், பார்ப்பதில்லை என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டும். புலனத்தில் செய்தியைப் படித்துவிட்டுப் பல நாள் பதில் எழுதாமல் இருப்பது இக்காலப் பாராமுகம் என்று சொன்னால் தவறில்லை.

விலகல் எப்போதும் துயரமானது என்று எண்ணிவிடவும் கூடாது. துணைவினைகளைக் கவனித்தால் இது புரியும். 'விலகிப்போனான்' என்பதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமாகும் அசைவு இருக்கிறது. 'விலகிவிட்டான்' என்றால் காரியம் முடிந்தது. 'விலகி நிற்கிறான்' என்றால் அருகில்தான் இருக்கிறான், கூப்பிட்டால் வரக்கூடும். 'விலகிக்கொண்டான்' என்பதில் தன் நலம் கருதி எடுத்த முடிவு தெரிகிறது. பிறரைக் கேலிசெய்து சிரிக்கும் ஒரு நண்பர் கூட்டம்; அதில் ஒரு மாணவன் சில மாதங்களாகச் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறான்; ஒருநாள் வேறு மேசைக்குப் போய்விடுகிறான். அவன் விலகிக்கொண்டான். சண்டையும் போடவில்லை, புறமும் பேசவில்லை. பண்பில்லாதவர்கள் நம்மை அப்படியே பருகிவிடுபவர்போல அன்பு காட்டினாலும், அவர்களோடு கொண்ட நட்பு வளர்வதைவிடக் குறைவதே இனிது என்பது 'தீ நட்பு' அதிகாரத்தின் முதற்குறள் தரும் கருத்து. வெட்டிவிட வேண்டும் என்று அந்தக் குறள் சொல்லவில்லை என்பதையும் கவனிக்கலாம். குறைந்தால் போதும்.

சொல்லைத் தேர்வதில் ஒரு சமூகமே தயங்கி நின்ற காலமும் உண்டு. 2020ஆம் ஆண்டு கோவிட்-19 பெருந்தொற்று பரவியபோது, ஒருவருக்கொருவர் சில அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்வி எழுந்தது. தமிழ் ஊடகங்களில் தொடக்கத்தில் 'சமூக விலகல்', 'சமூக இடைவெளி' ஆகிய இரண்டும் வழங்கின. 'விலகல்' என்ற சொல் பலருக்கு உறுத்தியது. அது மனம் சார்ந்தது. சமூகத்தைவிட்டே போகச் சொல்வது போலிருக்கிறது என்றார்கள். நாளடைவில் 'இடைவெளி'யே நிலைத்தது. மலேசியாவில் 'கூடல் இடைவெளி' என்ற தொடரும், சிங்கப்பூரில் 'பாதுகாப்பு இடைவெளி' என்ற தொடரும் வழக்குக்கு வந்தன. அதே ஆண்டு மார்ச் 20ஆம் நாள், உலகச் சுகாதார நிறுவனமும் இதே காரணத்துக்காக 'சமூக' என்ற அடைமொழியை விட்டு, 'உடல்சார்ந்த இடைவெளி' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடருக்கு மாறிக்கொள்வதாகத் தெரிவித்தது. உடல் தள்ளி இருக்கட்டும், மனிதர்கள் தொடர்பில் இருக்கட்டும் என்பதே அதன் நோக்கம்.

அந்த நாள்களில் ஜோகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவிலுள்ள கடற்பாலம் வெறிச்சோடிக் கிடந்தது. 1924இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18ஆம் நாள் நடப்புக்கு வந்தபோது, தினமும் அதைக் கடந்து வேலைக்குப் போனவர்களில் பலர் அக்கரையிலேயே தங்க நேர்ந்தது. 2022 ஏப்ரல் 1ஆம் நாள் தரைவழி எல்லை முழுமையாகத் திறக்கப்படும்வரை, பல தந்தையர் தம் பிள்ளைகளைப் பெரும்பாலும் தொலைபேசித் திரையில்தான் பார்த்தார்கள். பல வீடுகளில் இரவு உணவு நேரத்தில் தொலைபேசியைக் குவளையில் சாய்த்து மேசைமேல் வைத்திருப்பார்கள். "அப்பா, இன்றைக்கு என்ன சமைத்தீர்கள்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள், அவர் தட்டைத் தூக்கிக் காட்டுவார்.